மருமகன் கார்... மாமன் கணக்கு!

'பொம்மை கார்' என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். பதின்மூன்று வயதுப் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கர்ப்பகிரகத்துக்குள் செருப்போடு நுழைந்தவனைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மாமா, இது டாய் இல்ல. பக்கி!"

எங்கள் தெருவில் பக்கி என்றால் வேறு அர்த்தம். கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, இலை போடுவதற்கு முன்பே அப்பளம் கேட்கிற ஆசாமி. எனவே லேசாகச் சிரித்துவிட்டேன். அதுவும் தப்பாகப் போயிற்று.

2024 ஜூனில் மூன்று வாரம் கலிபோர்னியாவில் அக்கா வீட்டில் இருந்தேன். சான் ஹோசே பக்கம். அக்கா மகன் எனக்கு மருமகன் முறை என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க அவனை மருமகன் என்றே சொல்லிக்கொள்கிறேன். (பெயர் போட்டால் கொன்றுவிடுவேன் என்று ஃபோனில் மிரட்டியிருக்கிறான்.)

அவன் வைத்திருந்த வஸ்துவை முதலில் பார்த்துவிடுவோம். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு. எடை கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. அக்காவின் சமையலறைத் தராசில்தான் நிறுத்துப் பார்த்தோம். அதற்கு அவள் போட்ட சத்தம் தனிக்கதை. பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் மோட்டார் இழுவை. நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர், மேலே ஸ்பிரிங், பின்னால் விமானத்துக்கு இருப்பது போல ஒரு இறக்கை. இரண்டு செல் லித்தியம் பேட்டரி. நிறையச் சார்ஜ் ஏற்றினால் 8.4 வோல்ட். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு ரிமோட். விசையை இழுத்தால் பாய்கிறது, தள்ளினால் பிரேக். பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் கார் திரும்புகிறது.

அந்த பேட்டரியைச் சார்ஜ் போடும்போது தீப்பிடிக்காத பைக்குள் வைத்து, பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். அக்காவின் சட்டம் இன்னும் கடுமை. கராஜைத் தாண்டி அது வீட்டுக்குள் வரக் கூடாது. "எரியற சாமானைக் கொண்டு வந்து பருப்பு டப்பா பக்கத்துல வைக்காதே!"

இது நேற்று வந்த பைத்தியம் இல்லை. ஜப்பானில் ஷிசுவோகா ஊர்க்காரர்களான தமியா கம்பெனி 1979-லேயே 'ரஃப் ரைடர்' என்று மண்ணில் ஓடும் மாடலைக் கொண்டுவந்தார்கள். 1984-ல் கலிபோர்னியாவின் அசோசியேட்டட் கம்பெனி ஆர்சி-10 என்ற காரை வெளியிட்டது. அது ரேஸுக்கென்றே பிறந்த கார். அடுத்த வருடமே, 1985-ல், இதே மாநிலத்தில் டெல் மார் என்ற ஊரில் முதல் உலகப் போட்டி. அப்புறம் மசாமி ஹிரோசாகா என்ற ஜப்பான்காரர் கிளம்பி, பல பிரிவுகளில் சேர்த்து 14 முறை உலக சாம்பியன் ஆனார். பதினாலு முறை! நான் பி.காம். கணக்குப் பதிவியல் பேப்பரைக்கூட அத்தனை முறை எழுதியதில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். அங்கே நிலைமை சரியில்லை. மருமகன் ஞாயிறுதோறும் ரேஸுக்குப் போகிறான், ஞாயிறுதோறும் கடைசியில் வருகிறான். அதோடு ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு பாகம் வாங்க வேண்டும் என்கிறான். அத்தான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் போய் இறங்கிய அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் தீர்ப்பு வாசித்தார்.

"ஜூன் கடைசி வரைக்கும் பார்ப்பேன். இதே மாதிரின்னா காரை வித்துட்டு மேத்ஸ் கிளாஸ்ல சேர்த்துடறேன். மண்ணுல கொட்டறதுக்கு என்கிட்ட காசு இல்ல."

மருமகன் பதில் சொல்லவில்லை. தட்டை நகர்த்திவிட்டு கராஜுக்குப் போய்விட்டான். அப்பாவும் பிள்ளையும் நேராகப் பேசிக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது என்று அக்கா பிறகு சொன்னாள். தகவல் எல்லாம் அவள் வழியாகத்தான் போய் வருமாம். "நான் என்ன போஸ்ட் ஆபீஸாடா?" என்றவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

முதல் ஞாயிறு, நானும் உடன் போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் மண் ட்ராக். மேடு, பள்ளம், கொண்டை ஊசி வளைவு, துள்ளிக் குதிக்க ஒரு இரட்டை மேடு. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உயரமான ஒரு மேடையில் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொரு காரிலும் ஒரு சின்னப் பெட்டி, டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கம்ப்யூட்டர் நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. ஐந்து நிமிடம் ரேஸ். யார் அதிகச் சுற்று சுற்றுகிறாரோ அவர் ஜெயித்தார். தகுதிச் சுற்றில் ஓடுகிற லட்சணத்தைப் பார்த்து ஏ, பி, சி என்று இறுதிப் போட்டிகளைப் பிரிக்கிறார்கள். நம் பையன் வழக்கம்போல் 'சி'. எட்டு காரில் எட்டாவது.

கார் குப்புற விழுந்தால் அதுவாக எழுந்திருக்காது. அதற்குத்தான் மார்ஷல்கள். ட்ராக்கின் மூலைக்கு மூலை நின்றுகொண்டு, விழுந்த காரை ஓடிப்போய்த் திருப்பி வைப்பவர்கள். இவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை. ஒரு ரேஸில் ஓட்டியவர்கள் அடுத்த ரேஸில் மார்ஷலாக நிற்க வேண்டும், அதுதான் சட்டம். உன் காரை இன்னொருவன் தூக்கிவிட்டான் அல்லவா, நீ போய் அடுத்தவன் காரைத் தூக்கு! நம் ஊர் மொய்க் கணக்கு மாதிரி. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ரேஸ் முடிந்ததும் மருமகன் ஆரம்பித்தான். "மோட்டார் வீக் மாமா. நல்ல மோட்டார் இருந்தா..."

நல்ல மோட்டார் நூறு டாலருக்கு மேல். நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய் தாண்டுகிறது. நான் பேசாமல் சுவரில் ஒட்டியிருந்த நேரப் பட்டியலைப் பார்க்கப் போனேன். நமக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே?

பார்த்தால், ஆச்சரியம்! 'சி' போட்டியில் ஜெயித்தவருடைய மிக வேகமான சுற்று 30 விநாடி. நம் பையனுடையது 29! ஆனால் அவர் சுற்றியது பத்து, இவன் சுற்றியது எட்டு. அன்றைக்கு அதிவேகமாக ஓடியவனும் நம் பையன்தான், கடைசியில் வந்தவனும் நம் பையன்தான்.

காரணம் எளிது. ஆறு தடவை கவிழ்ந்தான். மார்ஷல் ஓடி வந்து தூக்கி வைத்து மறுபடி வேகம் பிடிக்கத் தடவைக்கு ஒன்பது விநாடி. மொத்தம் 54 விநாடி அம்பேல். எட்டாயிரம் ரூபாய் மோட்டார் போட்டுச் சுற்றுக்கு அரை விநாடி மிச்சம் பிடித்தாலும் பத்துச் சுற்றில் ஐந்து விநாடிதான் வரும். ஒரே ஒரு தடவை கவிழாமல் இருந்தால் ஒன்பது விநாடி, காலணா செலவில்லாமல்!

பக்கத்து மேஜையில் எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. நான் பேப்பரில் கூட்டிக் கழிப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பையனுக்குத்தான் புரியவில்லை" என்றார். பிறகு அவனுடைய காரைக் கையில் வாங்கி நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார். "இது எந்த ட்ராக்குக்காகச் செய்த கார், தம்பி?"

மருமகன் பெருமையோடு ஒரு காகிதத்தை நீட்டினான். பெரிய பெரிய வீரர்கள் தங்கள் காரை எப்படி அமைத்தார்கள் என்று கம்பெனிகளே அச்சிட்டு வெளியிடுவார்கள். எந்த ஸ்பிரிங், எந்த எண்ணெய், எத்தனை மில்லிமீட்டர் உயரம் எல்லாம் அதில் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து இம்மி பிசகாமல் பின்பற்றியிருந்தான் பையன். தாத்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். மேல் மூலையில் ஒரு வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டினார். 'கார்ப்பெட்.'

அதாவது, அந்தச் சாம்பியன் ஓட்டியது உள்ளரங்கில், கம்பளம் விரித்த ட்ராக்கில்! அங்கே டயர் பசை மாதிரி ஒட்டும். கார் தரையோடு தரையாக இருக்கலாம், ஸ்பிரிங் விறைப்பாக இருக்கலாம். இங்கேயோ காலையில் ஈர மண், மத்தியானம் மேலே மாவு மாதிரி தூசு. கொடைக்கானல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலூர் வெயிலில் அலைந்த கதைதான்.

"ஒரு மாதத்துக்கு எதுவும் வாங்காதே. கிட்டோடு வந்த புத்தகத்தில் இருக்கிறபடி எல்லாவற்றையும் திருப்பி வை. அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். எழுதி வை" என்றார் தாத்தா. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்துவிட்டு கார் நன்றாக ஓடினால், எதனால் என்று எவனுக்குத் தெரியும்? அன்று சாயங்காலமே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை ராத்திரி கராஜில் ஆபரேஷன் ஆரம்பம்.

முதலில் உயரம். காரை ஒரு சாண் உயரத்திலிருந்து பலகைமேல் இரண்டு தடவை 'தொப்'பென்று போட வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங் எல்லாம் தன் இயல்பான இடத்தில் வந்து உட்காரும். பிறகு வயிற்றுக்கும் பலகைக்கும் நடுவே அளவெடுக்க வேண்டும். 17 மில்லிமீட்டர் இருந்தது. கம்பளத்துக்குச் சரி, மேடு பள்ளத்தில் வயிறு இடித்து, எகிறி, கவிழும். 24-க்கு ஏற்றினோம்.

அடுத்து டயர். டயரை ரிம்மோடு ஒட்டியிருப்பார்கள், நம் ஃபெவிக்விக் மாதிரி ஒரு பசையால். வலது பின் டயரைக் கட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன், பாதி வட்டம் வாயைப் பிளந்தது! ஒவ்வொரு வளைவிலும் அது ரிம்மை விட்டு வெளியே வந்து வந்து போயிருக்கிறது. 'கார் தானா இழுக்குது மாமா' என்று அவன் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மர்மத்துக்கு விடை இரண்டு சொட்டுப் பசை.

ஷாக் அப்சார்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எனக்கு இந்த விளையாட்டிலேயே ரொம்பப் பிடித்தது அதுதான். உங்கள் சுண்டு விரலைவிடக் கொஞ்சம் பருமனான ஒரு குழாய். உள்ளே சிலிக்கான் எண்ணெய். அதில் ஓட்டை போட்ட ஒரு சின்ன வில்லை மேலும் கீழும் போகும். எண்ணெய் அந்த ஓட்டை வழியே நுழைந்து போக எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காரின் நிதானம். எண்ணெய் கெட்டியாக இருந்தால் கார் விறைப்பு, நீர்த்திருந்தால் ஊஞ்சல். எண்ணெயை 25, 30, 35, 40 என்று நம்பர் போட்டு விற்கிறார்கள். நம்பர் ஏற ஏறக் கெட்டி.

எண்ணெயை ஊற்றினால் மட்டும் போதாது. உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. வில்லையை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, ஒவ்வொரு குமிழியாக மேலே வரவழைத்து, அது உடையும் வரை காத்திருக்க வேண்டும். அவசரம் உதவாது. அக்கா ஒரு தட்டில் தோசை கொண்டு வந்து வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து ஆறிப்போன தோசையை எடுத்துக்கொண்டு போனாள். மாமனும் மருமகனும் நாலு குழாயையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்பக்க இடது குழாயைத் திறந்தபோது பாதிதான் எண்ணெய் இருந்தது. மீதி எப்போதோ கசிந்து போயிருக்கிறது. வலது கால் நிதானமாக இறங்க, இடது கால் பொத்தென்று இறங்கினால் மனுஷனே விழுவான், கார் விழாதா? நாலையும் சுத்தம் செய்து, பின்பக்கத்துக்கு 35-க்குப் பதிலாக 30 ஊற்றினோம்.

இரண்டாவது ஞாயிறு மூன்று தடவைதான் கவிழ்ந்தான். ஒன்பது சுற்று. 'சி' போட்டியில் மூன்றாமிடம். ஆனால் முகத்தில் சந்தோஷமில்லை. "ஸ்பீடே இல்ல மாமா. வளைவுல கார் திரும்பவே மாட்டேங்குது."

உண்மைதான். பின்பக்கம் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்ததும், முன்பக்கம் திரும்ப அடம் பிடித்தது. காமர்ஸ் படித்தவனுக்கு இதில் வியப்பே இல்லை. பின் சக்கரத்துக்கு வரவு என்றால் முன் சக்கரத்துக்குப் பற்று! மொத்தப் பிடிப்பைக் கூட்ட டயரும் மண்ணும் மனது வைத்தால்தான் உண்டு. ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கிறதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரித்துக் கொடுக்கும் பங்காளி வேலைதான் பார்க்கின்றன. முன்பக்கத்துக்கு ஒரு படி மென்மையான ஸ்பிரிங் போட்டோம். பெட்டியிலேயே சும்மா கிடந்தது அது. நிலுவை நேராயிற்று.

அந்த வாரத்தில் தாத்தா சொல்லிக் கொடுத்த இன்னொரு வித்தை: கார் ஆகாயத்தில் இருக்கும்போதும் அதை ஓட்டலாம்! விசையை இழுத்தால் சக்கரங்கள் வேகமாகச் சுழல, அதன் எதிர்விளைவாக மூக்கு மேலே தூக்கும். பிரேக் போட்டால் மூக்கு இறங்கும். நம்ப மாட்டேன் என்றேன். பத்துத் தடவை செய்து காட்டினார். மருமகன் இரட்டை மேட்டில் துள்ளிய உடனே பயத்தில் பிரேக் பிடிப்பான், மூக்கு குத்திக் கரணம் அடிப்பான். விஷயம் காரில் இல்லை, அவன் ஆள்காட்டி விரலில்.

மோட்டார் சூட்டைப் பார்த்தோம், பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தோம். நாலாவது நிமிடத்தில் கார் களைத்துப் போவது நின்றது. கேம்பர், டோ-இன் என்று இன்னும் பத்து சமாசாரம் உண்டு. எல்லாம் எழுதினால் நீங்கள் அடுத்த பக்கத்து ஜோக்குக்குத் தாவிவிடுவீர்கள்.

பெரிய சண்டை வந்தது ஒரே இடத்தில்தான். ரிமோட்டில் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பலாம் என்று வரம்பு வைக்க வசதி உண்டு. நூறு சதவிகிதத்தில் இருந்ததை எண்பது ஆக்கலாம் என்றேன். பதற்றத்தில் அவன் முழுசாகத் திருப்புவதால்தான் கார் சுழல்கிறது.

"அது பேபிஸுக்கு மாமா!"

"டேய், நான் சொல்லலடா. நோட்டு சொல்லுது. பார், ஒன்பது தடவைல அஞ்சு தடவை ஒரே வளைவு!"

கதவைச் சாத்திக்கொண்டு போனவன் பத்து நிமிடம் கழித்து வந்தான். "எண்பத்தஞ்சு," என்றான். ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

மூன்றாவது ஞாயிறு, ஜூன் மாதத்தின் கடைசி ஞாயிறு. அத்தானும் வந்திருந்தார். வந்தார் என்பதைவிட, அக்கா காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள் என்பதுதான் சரி. வெள்ளை வெளேர் என்று புது ஷூ. ஒதுக்குப்புறமாக நாற்காலி போட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தகுதிச் சுற்றில் மருமகன் 'பி' போட்டிக்கு ஏறினான். இறுதிப் போட்டியில் ஒரே ஒரு தடவை கவிழ்ந்தான், அதுவும் பக்கத்துக் கார் இடித்ததால். பத்துச் சுற்று. ஐந்தாவது இடம். அவனுடைய மிக வேகமான சுற்று 29.6 விநாடி. இரண்டு வாரத்துக்கு முன் இருந்ததைவிட அரை விநாடிக்கு மேல் மெதுவு! இரண்டு சுற்று அதிகம்! நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். அத்தான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது எழுந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

அடுத்தது 'ஏ' போட்டி. மருமகன் மார்ஷலாகப் போக வேண்டும். ஆனால் ஐந்து நிமிட டென்ஷனில் பையனுக்கு அவசரம்! "மாமா, நீங்க நில்லுங்க, ப்ளீஸ்!" என்று கத்திக்கொண்டே டாய்லெட்டை நோக்கி ஓடிவிட்டான். ஒலிபெருக்கியில் மூன்றாம் மூலைக்கு ஆள் எங்கே என்று கேட்கிறார்கள். நான் நோட்டையும் பேனாவையும் காட்டி, 'கை காலியில்லை' என்பது போல் விழித்தேன்.

அத்தான் வேலியைத் தாண்டி உள்ளே போனார்.

அப்போதுதான் தண்ணீர் அடித்திருந்தார்கள். சேற்றில் புது ஷூ கணுக்கால் வரை இறங்கியது. முதல் சுற்றிலேயே ஒரு கார் அவர் காலடியில் குப்புற விழுந்தது. ஓடிப்போய் எடுத்தார், நிமிர்த்தினார், வந்த திசையைப் பார்த்து வைத்துவிட்டார்! மேடையிலிருந்து ஒரு கூச்சல். பதறிப்போய்த் திருப்பி வைத்தார். அடுத்த காரைச் சரியாக வைத்தார். மூன்றாவது காருக்கு, அது விழுவதற்கு முன்பே ஓடத் தயாராகக் குனிந்து நின்றார். திரும்பி வந்த மருமகன் என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். "அப்பா, பின்னாடி ஒண்ணு!" என்று கத்தினான். அத்தான் சட்டென்று திரும்பினார்.

இரண்டு நாள் கழித்து ராத்திரி நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் அறை வாசலில் வந்து நின்றார். கையில் என் கோடு போட்ட நோட்டு.

"இதுல பின்பக்கம் 30-ன்னு எழுதியிருக்கியே... அது ஸ்பிரிங்கா, ஆயிலா?"

"ஆயில், அத்தான்."

தலையை ஆட்டிக்கொண்டே கராஜ் பக்கம் போனார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து அக்கா சத்தம் போட்டாள், தோசை ஆறுகிறதென்று.